மிளகாய் வோட்காவில் காரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 4, இரவு 8:15 (இழையைத் தொடங்கிய வாசகர்)

மிளகாய் வோட்கா ஒரு பாட்டில் கைக்கு வந்தது. ஒரு மடக்கு விட்டேன். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. பந்தயம் கட்டிக் குடிக்கலாமே தவிர ருசித்துக் குடிக்கிற சரக்கு இல்லை இது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 4, இரவு 9:50 (மறுத்து எழுதுபவர்; இனி வரும் பதிவுகள் எல்லாம் இவருடையவை)

பாதி மறுக்கிறேன்.

ஒரே மடக்கில் விட்டீர்கள் என்றால் ருசி தெரிய வழியே இல்லை. அதில் இரண்டு தீ இருக்கிறது. முதல் தீ சாராயத்துடையது. நாக்கில் பட்ட நொடியே சுரீர் என்று ஏறி, மூச்சு விட்டதும் இறங்கிவிடும். இரண்டாவது தீ மிளகாயுடையது. அது இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் எழுந்திருக்கும், எழுந்தால் நிமிடக்கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் ருசி உட்கார்ந்திருக்கிறது. மடக்கென்று விழுங்கினால் அந்த இடைவெளி தொண்டைக்குக் கீழே போய்விடும்.

நான் குடிக்கிற முறையைச் சொல்கிறேன். 10 மில்லி போதும். முதலில் கிண்ணத்தை மூக்குக்கு ஒரு சாண் கீழே பிடித்து முகருங்கள். அருகில் கொண்டுபோனால் சாராய நெடி மூக்கை அடைத்துவிடும். பிறகு அரைத் தேக்கரண்டி அளவு நாக்கில் விட்டு, விழுங்காமல் நான்கு எண்ணுங்கள். அதற்குள் என்ன தெரிந்தது என்று எழுதி வைத்துவிட்டு அப்புறம் விழுங்குங்கள்.

நம் மொழியில் இதற்கு வரிசையாகச் சொற்கள் இருப்பதை இப்படிக் குடிக்கும்போதுதான் கவனித்தேன். மூக்கில் நெடி. நாக்கில் காரம். தொண்டையில் கமறல். விழுங்கிய பிறகு உதட்டிலும் அடிநாக்கிலும் காந்தல். நான்கும் ஒன்றல்ல. ஒரு பாட்டிலில் நெடி இருக்கும், கமறல் இருக்காது. இன்னொன்றில் கமறல் மட்டுமே இருக்கும். உங்கள் பாட்டில் அந்த இரண்டாவது ரகமோ என்று சந்தேகப்படுகிறேன்.

பிப்ரவரி 4, இரவு 10:05

ஒன்று விட்டுப்போனது. ஃப்ரீசரில் வைத்து எடுத்த பாட்டில் என்றால் அந்தச் சோதனை கணக்கில் சேராது. குளிரில் மணம் முழுக்க உறங்கிவிடும். அறைச் சூட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, காலை 7:30

"நீங்கள் எத்தனை குடித்துவிட்டுப் பேசுகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. கடையில் விற்கிற பாட்டில்களில் நிதானமாக உட்கார்ந்து பார்த்தது மூன்று. மூன்றும் 40 சதவீதம்.

ஒன்று, ஸ்வீடனின் ஓஹூஸ் ஊரில் தயாராகும் அப்சலூட் பெப்பர். 1986ல் வந்தது, உலகின் முதல் மணமூட்டிய வோட்கா. முகர்ந்தால் குடைமிளகாயை நறுக்கிய பலகை மாதிரி ஒரு பச்சை வாசம். காரம் அளவோடுதான். தக்காளிச் சாற்றில் கலந்து பிளடி மேரி போடுவதை மனதில் வைத்தே செய்தார்கள், அது குடிக்கும்போது தெரிகிறது. தனியாகக் குடித்தால் இன்னும் ஏதோ ஒன்று வேண்டும் போல இருக்கும். தக்காளியும் உப்பும் சேர்ந்ததும் அந்தக் குறை மறைகிறது.

இரண்டு, உக்ரைனின் நெமிரோஃப், தேனும் மிளகாயும் சேர்த்தது. பாட்டிலுக்குள் ஒரு மிளகாய் நிற்கும். முதலில் தேன் நாக்கை மூடுகிறது. காரம் அந்தப் போர்வைக்கு அடியிலிருந்து மெதுவாக வருகிறது. மூன்றில் விருந்தாளிக்குத் தயங்காமல் ஊற்றிக் கொடுக்கக்கூடியது இதுதான்.

மூன்று, கலிபோர்னியாவின் அலமேடாவில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் வடிசாலையின் பச்சை மிளகாய் வோட்கா. 2014ல் வந்தது. ஹலபேன்யோ, செரானோ, ஹபனேரோ என்ற மிளகாய் ரகங்கள், சிவப்பு மஞ்சள் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைத் தோல் எல்லாம் போடுகிறார்கள். இதை முகர்ந்தபோது நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். குடிக்கவே தோன்றவில்லை, முகர்ந்துகொண்டே இருக்கலாம் போல இருந்தது. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளியதும் ஒரு பச்சை வாசம் வருமே, அது அப்படியே இருந்தது. காரம் கடைசியில்தான் வந்தது.

இந்த மூன்றையும் குடித்தவரிடம் "காரம் மட்டும்தான்" என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 5, மதியம் 1:40

காலையில் எழுதியதில் ஒரு பிழை, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 1986ல் வந்தது அப்சலூட் நிறுவனத்தின் முதல் மணமூட்டிய வோட்கா. உலகின் முதல் என்று நான் எழுதியது தவறு. உக்ரைன், ரஷ்யா, போலந்து மக்கள் பழம், மூலிகை, தேன், மிளகாய் எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறவைப்பது எத்தனையோ தலைமுறைப் பழக்கம்.

அதைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ரஷ்யாவில் இதற்குப் பெயர் பெர்த்சோவ்கா. 'பெரெத்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒரே சொல் மிளகுக்கும் உண்டு, மிளகாய்க்கும் உண்டு. அதனால் பெர்த்சோவ்கா என்று எழுதிய பாட்டிலில் மிளகாயோடு கருமிளகும் வால்மிளகும் சேர்ந்து ஊறியிருக்கலாம். நாமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறோம். கொலம்பஸ் 1492ல் போய்ச் சேர்ந்த கண்டத்திலிருந்து இந்தக் காய் வந்தபோது, ஏற்கெனவே தெரிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கிவிட்டோம்.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. வோட்கா என்ற சொல்லுக்கு அடி 'வோதா', தண்ணீர். உக்ரைன்காரர்கள் சொல்லும் 'ஹொரில்கா' எரிவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே சரக்குக்கு அங்கே ஒருவர் தண்ணீர்ப் பெயர் வைக்கிறார், பக்கத்தில் இருப்பவர் நெருப்புப் பெயர் வைக்கிறார். தண்ணி என்று நாம் சொல்வது முதல் கட்சி.

பிப்ரவரி 6, இரவு 11:10

சாராயமும் மிளகாயும் சேர்ந்தால் ஏன் கூட்டல் இல்லாமல் பெருக்கலாகத் தெரிகிறது என்று கேட்டவருக்கு.

நம் நாக்கிலும் வாயிலும் சூட்டைக் கண்டுபிடிக்கிற நரம்பு முனைகள் உண்டு. அவற்றில் டிஆர்பிவி1 என்று ஒரு கதவு. சுமார் 42, 43 டிகிரிச் சூடு பட்டால் திறந்து "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே கதவைச் சூடே இல்லாமல் திறக்கிறது. இதை 1997ல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ். 2021ல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

சாராயமும் இதே கதவில்தான் கை வைக்கிறது. 2002ல் வந்த ஒரு ஆய்வின்படி, சாராயம் பட்டால் கதவு திறக்கும் அளவு சுமார் 42லிருந்து சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடு 37. அதாவது வோட்கா தொண்டையில் எரியும்போது, நம் உடம்பின் சொந்தச் சூடே நமக்கு நெருப்பாகப் படுகிறது. இதை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏற்கெனவே பாதி திறந்து நிற்கிற கதவில் மிளகாயும் வந்து தள்ளினால் என்ன ஆகும்? பெருக்கல்தான் ஆகும்.

மிளகாய்த் தீ தாமதமாக வருவதற்கும் காரணம் உண்டு. கேப்சைசின் அந்தக் கதவை உள்பக்கத்திலிருந்துதான் பிடிக்கிறது. உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே போக வேண்டும். அதற்குள் நான் சொன்ன நான்கு எண்ணிவிடலாம்.

அறுசுவையில் கார்ப்பும் ஒன்று என்று நாம் வைத்திருக்கிறோம். நாக்கின் சுவை மொட்டுகளுக்கும் காரத்துக்கும் தொடர்பில்லை, அது வலி, சுவை கிடையாது என்கிறது அறிவியல். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. வலியாக இருந்தாலும் மற்ற ஐந்தையும் மாற்றிவிடுகிற வலி அது.

பிப்ரவரி 8, மாலை 6:20

வீட்டில் போட்டுப் பார்த்த கதையைக் கேட்டார்கள். என் முதல் பாட்டில் பாழ். அதை மறைக்காமல் சொல்வதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

மணமில்லாத சாதா வோட்கா 250 மில்லி. அதில் குட்டி ஊசிமிளகாய் வற்றல் 10, காம்பு கிள்ளி, கத்தியால் ஒரு கீறல் போட்டுப் போட்டேன். "நன்றாக ஊறட்டும்" என்று அலமாரியில் வைத்துவிட்டு வேலையில் மறந்துபோனேன். ஒன்பதாம் நாள் எடுத்தபோது நிறம் நீர்த்த தேன் மாதிரி அழகாக இருந்தது. ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இருபது நிமிடம் எனக்குப் பேச்சு இல்லை. காரம் அடங்கிய பிறகு மிஞ்சியது கசப்பு. வற்றலின் தோலைத் தனியாக மென்றால் வருமே, அந்தக் காய்ந்த இலைக் கசப்பு.

என் கணக்கு எங்கே பிழைத்தது என்றால், ஊறுகாய் மாதிரி நாள் ஆக ஆக நன்றாக வரும் என்று நினைத்தேன். வோட்காவில் நடப்பது வேறு. கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, சாராயத்தில் நன்றாகக் கரையும். 40 சதவீதச் சாராயம் காரத்தை மணிக்கணக்கிலேயே இழுத்துவிடுகிறது. அதன் பிறகு காரம் ஏறிக்கொண்டே போகும், கூடவே கசப்பும் வரும். மணம் ஏறாது.

இப்போது போட்டால் அரை மணிக்கு ஒரு முறை ஒரு சொட்டு ருசி பார்க்கிறேன். "இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று தோன்றும் இடத்திலேயே வடிகட்டிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாள் அது இன்னும் கொஞ்சம் கூடியதாகவே தெரியும்.

பிப்ரவரி 8, இரவு 9:00

விதையை எடுத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், எடுத்துவிட்டுப் போடுங்கள். காரம் எல்லாம் விதையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, காலை 10:15

நேற்று ராத்திரி எழுதிய அந்த ஒரு வரியை யாரும் நம்ப வேண்டாம். அரைத் தூக்கத்தில், கேட்டுப் பழகியதை அப்படியே எழுதிவிட்டேன். காலையில் சந்தேகம் வந்து ஒரு ஹபனேரோவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன்.

நடுவில் வெள்ளையாக, பஞ்சு போல ஒரு நரம்பு. விதைகள் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. சதைச் சுவரின் நடுப்பகுதியிலிருந்து நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தேன். பழ வாசம், லேசான காரம், தாங்கலாம். ஒரு விதையைத் தண்ணீரில் அலசித் துடைத்து மென்றேன். அதைவிடக் குறைவு, மரத்தூள் மாதிரி. வெள்ளை நரம்பில் ஊசிமுனை அளவு தொட்டேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். காரப்பொருள் உற்பத்தியாவது அந்த வெள்ளைப் பகுதியில். விதைக்குக் காரம் வருவது பக்கத்தில் இருந்த தோஷத்தால்.

அதனால் திருத்தம்: எடுக்க வேண்டியது வெள்ளை நரம்பு. விதை அதோடு தானே வந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இதே காலைப் பொழுதிலிருந்து. கையுறை போடாமல் அறுத்தேன். தண்ணீரில் கை கழுவினேன். பத்து நிமிடம் கழித்துக் கண் அரித்தது, தேய்த்துவிட்டேன். அதன் பிறகு முக்கால் மணி நேரம் இந்தத் திரையே தெரியவில்லை. தண்ணீரில் கரையாத பொருளைத் தண்ணீரில் கழுவியிருக்கிறேன். முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்கும் முன்னால், கையுறை.

பிப்ரவரி 12, இரவு 10:40

பாழான அந்தப் பாட்டிலைக் கொட்ட மனம் வரவில்லை. அதை வைத்து ஒரு வேலை செய்தேன். இந்த இழையில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

காரத்தை எண்ணில் சொல்ல எல்லோரும் ஸ்கோவில் கணக்கைச் சொல்கிறோம். ஹலபேன்யோ 2,500 முதல் 8,000, ஹபனேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம், சுத்தமான கேப்சைசின் 1.6 கோடி. 1912ல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளுநர் இதைக் கண்டுபிடித்தபோது அவரிடம் கருவி எதுவும் கிடையாது. காய்ந்த மிளகாயைச் சாராயத்தில் ஊறவைத்துக் காரத்தை இழுத்தார். அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் நீர்த்துக்கொண்டே போனார். ருசி பார்க்கிறவர்கள் "காரம் தெரியவில்லை" என்று சொல்லும்வரை. எத்தனை மடங்கு நீர்த்தாரோ அதுவே எண்.

அதாவது உலகம் முழுக்கக் காரத்துக்கு அளவுகோலாக இருக்கும் கணக்கு, மிளகாய் ஊறிய சாராயத்தில்தான் தொடங்கியது. என் அலமாரியில் இருந்ததும் அதுவே.

லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை போட்ட தண்ணீர். அதில் பாட்டில் சாற்றை 100, 200, 400, 800, 1,000, 1,200 மடங்கு நீர்த்து ஆறு கிண்ணம். ருசி பார்க்க நானும் இரண்டு நண்பர்களும். எந்தக் கிண்ணம் எது என்று எங்களுக்குத் தெரியாமல் இருக்க, வேறொருவர் கலந்து அடியில் எண் ஒட்டினார். நடுநடுவே வெறும் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் சேர்த்துவிட்டார், எங்களைச் சோதிக்க. நீர்த்ததிலிருந்து கெட்டியானதை நோக்கிப் போனோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 நிமிடம் இடைவெளி.

1,200ல் மூவருக்கும் ஒன்றுமில்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீர் என்று மூவரும் எழுதினோம். 1,000ல் ஒருவருக்கு மட்டும் சந்தேகம். 800ல் மூவரும் தலை நிமிர்ந்தோம். காரம் என்று சொல்ல முடியாத ஒன்று, மேலண்ணத்துக்குப் பின்னால் ஒரு இளஞ்சூடு. யாரோ வாய்க்குள் மெல்ல ஊதுவது மாதிரி. 400ல் அது காரம். 100ல் ஒருவர் பால் கேட்டார்.

இதை மிளகாயின் ஸ்கோவில் எண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கணக்கு காய்ந்த மிளகாயின் எடைக்கு. நான் அளந்தது பாட்டிலில் இருந்த தண்ணீரும் சாராயமும் சேர்ந்த கலவையை. ஆனால் அந்த 800ஐ மறக்க முடியவில்லை. அதுவரை காரத்தைச் சத்தமாகவே கேட்டு வந்திருக்கிறேன். அது இவ்வளவு மெதுவாகவும் பேசும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 13, காலை 8:05

பால் ஏன் என்று கேட்டவருக்கு: பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் காரப்பொருளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும். இன்னொரு மிடறு வோட்கா இன்னும் மோசம், காரணம் மேலே 6ஆம் தேதி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, இரவு 9:30

ஃப்ரீசர் விஷயத்தில் எனக்கு இப்போது இரண்டு மனம்.

முதல் நாள் "கணக்கில் சேராது" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஃப்ரீசரில் வைத்த தேன் மிளகாய் வோட்கா குடித்துத்தான் பாருங்களேன் என்று ஒருவர் விடாமல் சொன்னதால் நேற்று வைத்தேன். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. 40 சதவீதச் சரக்கு உறைய மைனஸ் 27 அளவு வேண்டும், அதனால் உறையாது, பாகு மாதிரி கெட்டியாகும். கிண்ணத்தில் ஊற்றியபோது சத்தமில்லாமல் இறங்கியது.

மணம், நான் சொன்ன மாதிரியே, இல்லை. நாக்கில் வைத்தால் குளிர்ந்த தேன் மட்டும். சாராயத்தின் முதல் தீயே இல்லை. இந்த இடத்தில் "பார்த்தீர்களா" என்று எழுதத் தயாராக இருந்தேன். விழுங்கினேன். வாய் மெல்லச் சூடாக ஆரம்பித்தது, அந்தச் சூட்டோடு சேர்ந்து மிளகாய் எழுந்தது. அதன் பிறகு மணம் வந்தது. மூக்கு வழியாக உள்ளே போகாத மணம், தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறி வந்தது. அறைச் சூட்டில் ஒரே நேரத்தில் முட்டிமோதி வருகிற எல்லாமே குளிரில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

ஒரு பாட்டிலை எடைபோட அறைச் சூடுதான் சரி, இன்னும் சொல்கிறேன். அனுபவித்துக் குடிக்க, அதுவும் இனிப்புச் சேர்ந்த ரகமாக இருந்தால், ஃப்ரீசர்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 4ஆம் தேதி எழுதியதை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 18, மாலை 5:50

இரண்டு நாளாக ஒரே யோசனை. மணத்தையும் காரத்தையும் ஒரே பாட்டிலில் ஒரே நேரத்தில் ஏன் இழுக்க வேண்டும்?

செயின்ட் ஜார்ஜ்காரர்கள் மிளகாயில் ஒரு பகுதியை ஊறவைக்கிறார்கள், ஒரு பகுதியைக் காய்ச்சி வடிக்கிறார்கள். வடித்தால் காரம் வராது. கேப்சைசின் ஆவியாகி மேலே ஏறுகிற ஆளே இல்லை, பானையிலேயே தங்கிவிடும். மணம் மட்டும் ஆவியோடு வந்துவிடும். பச்சை மிளகாய், குடைமிளகாயின் அந்தப் பச்சை வாசத்துக்குக் காரணமான மெத்தாக்சிபைரசின் வகை மணப்பொருள் ஒன்றைக் குடைமிளகாயில் 1969ல் அடையாளம் கண்டார்கள். தண்ணீரில் லட்சம் கோடியில் 2 பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். இவ்வளவு கொஞ்சத்தில் தெரிகிற ஒன்றைப் பத்து வற்றலின் காரத்துக்கு அடியில் புதைத்தால் அது என்ன செய்யும்?

வீட்டில் வடிப்பதற்கில்லை. சட்டமும் இடம் தராது, ஆபத்தும் கூட. ஆனால் வெள்ளை நரம்பை வழித்தெடுத்த பச்சை மிளகாய்ச் சதையை மட்டும் ஊறவைத்தால் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும் இல்லையா? காரத்துக்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருக்கிறது. சொட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

போட்டுவிட்டேன். பெரிய பச்சை மிளகாய் 6, கையுறை போட்டுக்கொண்டு, நரம்பு துளி இல்லாமல் கரண்டியால் வழித்து, மெல்லிசாக நறுக்கி, 250 மில்லியில். ஆறு மணி நேரக் கணக்கு.

பிப்ரவரி 18, இரவு 11:55

வடிகட்டிவிட்டேன். நிறம் இளம்பச்சை. முகர்ந்தால் மழை விட்ட தோட்டம். குடித்தால் காரம் கிட்டத்தட்ட இல்லை, ஒரு புல் இனிப்பு இருக்கிறது. ஆனால் இதுவும் முழுசாக இல்லை. நல்ல குரல், பேச்சில்லை என்கிற மாதிரி. இதைக் குடித்துத்தான் ஒன்று புரிந்தது: காரமே இல்லாமல் மிளகாய் மணத்தை மட்டும் கொடுத்தால் நாக்கு காத்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு சொன்ன செய்தி வந்து சேரவில்லையே என்று தேடுகிறது. நான் இத்தனை நாள் காரத்தை ருசிக்கு எதிரி மாதிரி எழுதி வந்திருக்கிறேன். அது சரியில்லை.

பிப்ரவரி 21, இரவு 10:20

மூன்று ராத்திரி கலந்து பார்த்தேன். பச்சைப் பாட்டிலிலிருந்து 60 மில்லி, பாழான பாட்டிலிலிருந்து மருந்துச் சொட்டுக் குழாயால் சொட்டுகள்.

5 சொட்டு: தெரியவில்லை. 10: விழுங்கிய பிறகு ஒரு இளஞ்சூடு, அந்த 800 கிண்ணம் ஞாபகம் வந்தது. 20: எரிகிறது, பச்சை வாசம் பின்னால் ஒதுங்கிவிட்டது. 16: நல்லது, ஆனால் இரண்டாம் மிடறில் கூடுகிறது. சின்ன இடைவெளியில் குடிக்கக் குடிக்கக் காரம் மேலே ஏறும். கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் வாய் மரத்துக் காரம் குறைந்து தெரியும். 

அதோடு, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டும் பார்த்தேன். சாராயம் இறங்கியதும் முதல் தீ தணிந்தது, மணம் அகலத் திறந்தது. நம்பாதவர்கள் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். தக்காளிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை சேர்த்து ஒன்று. அது சும்மா சொல்லக் கூடாது, தக்காளிக் காம்பை முகர்ந்தால் வருகிற வாசத்தை மிளகாயின் பச்சை வாசம் கையைப் பிடித்து இழுத்து வருகிறது.

பிப்ரவரி 22, காலை 9:10

இழையைத் தொடங்கிய நண்பர் நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரு சாண் தள்ளிப் பிடித்து முகர்ந்தார், நான்கு எண்ணினார், பாதித் தண்ணீர் விட்டும் பார்த்தார். மூக்கில் சாராயத்தைத் தவிர எதுவுமில்லை, நாக்கில் நான்கு எண்ணும்வரை எதுவுமில்லை, ஐந்தில் நெருப்பு.

அப்படியானால் அந்தப் பாட்டிலைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதுதான் சரி. காரச்சாற்றை மட்டும் சேர்த்திருக்க வேண்டும், மிளகாய் அதில் இறங்கவே இல்லை. என் பாழான பாட்டிலில் ஒரு சொட்டு விட்டாலும் இதே கதைதான், நெருப்பும் கசப்பும். உங்கள் முறையில் குறை இருக்கும் என்று முதல் நாளே நான் முடிவு கட்டியது அவசரம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை வீசாதீர்கள். சொட்டுக் குழாய் வாங்குங்கள், நரம்பு வழித்த பச்சை மிளகாய் 6 போட்டு ஒரு பாட்டில் தனியே ஊறவையுங்கள்.

பிப்ரவரி 22, இரவு 11:30

13 சொட்டு. மூன்று மிடறு குடித்துவிட்டேன், மூன்றாவதிலும் பச்சை வாசம் முன்னால் நிற்கிறது. ஆனால் ஊறல் தீர்ந்துவிட்டது, நாளைக்கு மறுபடி ஆறு மிளகாய் நறுக்க வேண்டும்.